மாத்திரை அட்டைக்குப் பின்னால் ஒளிந்திருந்த எண்

கடற்கரையிலிருந்து வரும் மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கு அடுத்து, தாம்பரத்துக்கு முன்னால் வரும் நிலையம் தாம்பரம் சானடோரியம். அங்கே தினமும் இறங்குகிறவர்களில் பாதிப் பேருக்கு அது ஏற்றுமதி வளாகத்துக்கு வேலைக்குப் போகும் இடம். சிலருக்குச் சித்த மருத்துவமனைக்குப் போகும் இடம். சானடோரியம் என்றால் என்ன என்று கேட்டால், "ஏதோ பழைய டி.பி. ஆஸ்பத்திரி" என்பார்கள். சரியான பதில்தான். ராஜகீழ்ப்பாக்கத்தில் இருக்கும் எங்களுக்கு வேளச்சேரி சாலையைப் பிடித்து, தாம்பரம் பாலம் ஏறி இறங்கினால் வந்துவிடும் தூரம். அந்த ஆஸ்பத்திரி, சேத்துப்பட்டில் ஒரு ஆராய்ச்சி நிலையம், சில வருடங்களுக்கு முன் காசநோய் மாத்திரை அட்டைகளைச் சுற்றி வந்த ஒரு காகித உறை. இந்த மூன்றையும் சேர்க்கும் கதை ஒன்று உண்டு. மருந்தைத் தன் வீட்டில், தானே, சரியாகவும் ஆபத்தில்லாமலும் எடுத்துக்கொள்ள நோயாளிக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்ற கதை. செல்போன் வந்த பிறகு அது சுலபமாகிவிட்டது என்று நினைக்கிறோம். அவ்வளவு சுலபமாக இல்லை.

முதலில் சானடோரியம். இதை 1928-ல் தொடங்கியவர் டாக்டர் டேவிட் சௌரிமுத்து. இங்கிலாந்தில் சோமர்செட் பகுதியில் மெண்டிப் ஹில்ஸ் சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் அங்கே நோய்வாய்ப்பட்டிருந்த காலத்தில் சில மாதங்கள் இவருடைய சானடோரியத்தில்தான் இருந்தார். அதே மருத்துவர் ஊர் திரும்பி, அன்று காடும் குன்றுமாகக் கிடந்த தாம்பரத்தில் காற்றோட்டமான இடம் பார்த்து மருத்துவமனை கட்டினார். 1937-ல் அரசு அதை எடுத்துக்கொண்டது.

அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, ஓய்வு, அவ்வளவுதான் சிகிச்சை. எப்போது எழுந்திருக்க வேண்டும், எப்போது படுக்க வேண்டும், எத்தனை தூரம் நடக்கலாம், எங்கே துப்ப வேண்டும் என்று எல்லாவற்றுக்கும் விதி உண்டு. அந்த விதிகளை நோயாளி படித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியம் இல்லை. மணி அடிக்கும், நர்ஸ் வருவார், பக்கத்துக் கட்டில்காரர் என்ன செய்கிறாரோ அதைச் செய்தால் போதும். கூடவே இருக்கும் ஒரு மனிதர்தான் வழிமுறை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின் வந்தது. கூடவே பாஸ் என்று சுருக்கமாகச் சொல்லப்பட்ட பாரா அமினோ சாலிசிலிக் அமிலம். 1952-ல் ஐசோனியாசிட். மாத்திரையால் காசநோய் குணமாகும் என்ற நிலை ஏற்பட்டதும் ஒரு கேள்வி எழுந்தது. மாத்திரைதான் குணப்படுத்துகிறது என்றால் நோயாளியை ஒரு வருடம் சானடோரியத்தில் வைத்திருப்பது எதற்கு? பணக்கார நாடுகளுக்கு இது சும்மா ஒரு கேள்வி. இந்தியாவுக்கு அது வாழ்வா சாவா கேள்வி. ஏனென்றால் நோயாளிகள் லட்சக்கணக்கில், கட்டில்களோ சில ஆயிரங்களில்.

அதற்கு விடை தேடத்தான் 1956-ல் சேத்துப்பட்டு ஸ்பர்டாங்க் சாலையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் ஆரம்பித்தார்கள். ஐ.சி.எம்.ஆர்., சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் குழு ஆகிய நான்கும் சேர்ந்து செய்த வேலை. முன்னின்று நடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். நகரத்தின் ஏழைக் குடும்பங்களிலிருந்து இருநூறுக்குச் சற்றுக் குறைவான நோயாளிகளை எடுத்துக்கொண்டார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேரைச் சானடோரியத்துக்கும், பாதிப் பேரை அவரவர் வீட்டுக்கும் அனுப்பினார்கள். இரு தரப்புக்கும் அதே மருந்து, 12 மாதம். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசலான ஒற்றை அறை, குறைவான சாப்பாடு, ஓய்வும் குறைவு. ஆனாலும் 1959-ல் முடிவு வெளிவந்தபோது சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேருக்கும், வீட்டில் நூற்றுக்கு 86 பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் உடன் இருந்த குழந்தை குட்டிகளுக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. உலகம் முழுக்க சானடோரியங்கள் மூடப்பட்டதற்கு நம் சேத்துப்பட்டு ஆய்வு ஒரு முக்கியக் காரணம். காசநோய் வரலாற்றில் 'மெட்ராஸ் ஆய்வு' என்றால் இன்றும் இதுதான்.

இந்த ஆய்வைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் இந்த இரண்டு எண்களோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு அதைவிட ருசிகரமாகத் தோன்றுவது அந்த மையம் செய்த இன்னொரு வேலை. மருந்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள் அல்லவா? நோயாளி அதைச் சாப்பிட்டாரா என்று எப்படித் தெரியும்? பாஸ் சாதாரண மருந்து இல்லை. ஒரு நாளைக்குப் பத்து கிராம் அளவுக்கு விழுங்க வேண்டும்; வயிற்றைக் குமட்டும். காய்ச்சலும் இருமலும் இரண்டு மூன்று மாதத்தில் நின்றுவிட்ட பிறகு யாருக்குத்தான் அதை விழுங்க மனசு வரும்? எனவே மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனார்கள். மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கி வந்து ஃபெரிக் குளோரைடு சொட்டு விட்டுப் பார்த்தார்கள். பாஸ் உடம்பில் இருந்தால் நிறம் மாறும். நோயாளி வாயால் சொல்வதை நம்பாமல் சிறுநீரைக் கேட்டார்கள்! தானே மருந்து எடுத்துக்கொள்வதில் உள்ள சிக்கல்களைப் பற்றியே ஃபாக்ஸ் 1958-ல் தனியாக ஒரு கட்டுரை எழுதினார்.

சானடோரியத்து நர்ஸின் இடத்தில் இப்போது ஒரு காகிதமும் ஒரு சந்தேகமும் வந்து உட்கார்ந்துகொண்டன. "இப்படிச் சாப்பிடு" என்று சொல்லும் காகிதம். "சாப்பிட்டாயா?" என்று கேட்கும் சந்தேகம். அதற்குப் பிறகு வந்த எல்லாக் கருவிகளும் இந்த இரண்டையும் ஒன்றாக்கப் பார்த்த முயற்சிகள்தான் என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் தாமஸ் மோல்டிங் என்பவர் 1960-களின் தொடக்கத்தில் மாத்திரை நாட்காட்டி ஒன்றைச் செய்தார். பிறகு ஒரு படி மேலே போய், மாத்திரைப் பெட்டிக்குள் கொஞ்சம் கதிரியக்கப் பொருளையும் ஒரு ஃபிலிம் சுருளையும் வைத்து, மாத்திரைகள் எப்போது எடுக்கப்பட்டன என்பதை ஃபிலிமில் விழும் கறையிலிருந்து கண்டுபிடிக்க யோசனை சொன்னார். மருந்துப் பெட்டிக்குள் கதிரியக்கம்! இன்று கேட்டால் சிரிப்பு வருகிறது. ஆனால் நாம் இப்போது கைபேசி வைத்துச் செய்வதும் சாரத்தில் அதேதான்.

சேத்துப்பட்டு மையம் வேறு வழி தேடியது. தினமும் மருந்து என்றால் தினமும் கண்காணிக்க முடியாது. வாரம் இரண்டு முறை மட்டும் கொடுத்து, அந்த இரண்டையும் மையத்திலேயே கண்ணெதிரில் கொடுத்தால்? 1964-ல் அந்த ஆய்வின் முடிவு வெளிவந்தது. நன்றாகவே வேலை செய்தது. பின்னாளில் உலக சுகாதார நிறுவனம் 'டாட்ஸ்' என்று பெயர் வைத்து உலகமெங்கும் பரப்பிய முறைக்கு ஒரு வேர் இங்கே இருக்கிறது.

இந்தியாவில் டாட்ஸ் 1997-ல் தொடங்கி 2006-க்குள் நாடு முழுக்க வந்தது. அந்தக் காலத்து மருந்துப் பெட்டியைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒவ்வொரு நோயாளியின் பெயருக்கும் ஒரு அட்டைப் பெட்டி. அதற்குள் அவருடைய முழு சிகிச்சைக்குமான மருந்து. புது நோயாளி என்றால் சிவப்புப் பெட்டி, முன்பே சிகிச்சை எடுத்துத் திரும்ப வந்தவர் என்றால் நீலப் பெட்டி. பெட்டி ஒருவர் பெயருக்கு வந்துவிட்டால் பாதியில் மருந்து தீர்ந்துவிட்டது என்ற பேச்சே இல்லை. முதல் சில மாதங்கள் வாரம் மூன்று நாள், ஊழியரின் கண்ணெதிரே விழுங்க வேண்டும். அதன் பிறகு வார அட்டை. முதல் வேளை கண்ணெதிரே, மற்றது வீட்டில். காலி அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து காட்ட வேண்டும். மருந்து இல்லாத நாட்களுக்கு அதே அட்டையில் வைட்டமின் மாத்திரை வைத்திருந்தார்கள். தினமும் ஒன்றைப் பிதுக்கி எடுக்கும் பழக்கம் விட்டுப்போகாது. ஐசோனியாசிடால் கை கால் எரிச்சல் வராமல் தடுக்கும் வேலையையும் அந்த வைட்டமின் செய்தது. ஒரு எழுத்தும் படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் வழிமுறை. நிறமும் வரிசையுமே மொழி. இதை வடிவமைத்தவர்கள் யாராக இருந்தாலும் அவர்களுக்கு என் வணக்கம்.

ஆனால் கண்ணெதிரே விழுங்குவது என்பது நோயாளிக்குப் பெரிய சுமை. கூலி வேலைக்குப் போகிறவர் காலையில் மையம் திறக்கும் வரை காத்திருந்தால் அன்றைய வேலை போச்சு. வாரம் மூன்று நாள் அந்த வாசலில் நிற்பதை அக்கம்பக்கம் பார்க்கும். கல்யாணம் ஆகாத பெண் என்றால் சொல்லவே வேண்டாம். போதாக்குறைக்கு வாரம் மூன்று நாள் முறையைவிட தினசரி முறையே மேல் என்ற கருத்து வலுத்து, வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2017-ல் நாடு முழுக்க தினசரி முறைக்கு மாறினார்கள். நான்கு மருந்துகள் சேர்ந்த ஒரே மாத்திரை; எடையைப் பொறுத்து எத்தனை என்பது மாறும். தினசரி என்றால் தினமும் யார் கண்ணெதிரே கொடுப்பது? மறுபடியும் 1956-ன் கேள்வி.

இந்த இடத்தில்தான் நான் முதலில் சொன்ன காகித உறை வருகிறது. பெயர் 99டாட்ஸ். பெங்களூரில் மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிக் கூடத்தில் பில் தீஸ் என்பவரும் அவருடைய சகாக்களும் யோசித்தது. பிறகு எவர்வெல் என்ற தனி நிறுவனமாக வளர்ந்தது. முதலில் எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து இருப்பவர்களுக்கு, ஏ.ஆர்.டி. மையங்கள் வழியாகக் கொடுத்தார்கள். (நம் தாம்பரம் ஆஸ்பத்திரி 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்த்துக்கொண்ட இடம். 2004 ஏப்ரலில் இலவச ஏ.ஆர்.டி. திட்டம் நாட்டில் தொடங்கிய எட்டு இடங்களில் அதுவும் ஒன்று. மற்ற ஆஸ்பத்திரிகள் கதவைச் சாத்திய காலத்தில் அது திறந்து வைத்திருந்தது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.) பிறகு மற்ற காசநோயாளிகளுக்கும் போய், சில லட்சம் பேர் வரை சேர்ந்தார்கள்.

வேலை செய்யும் விதம் இதுதான். மாத்திரை அட்டையை ஒரு கனமான காகித உறைக்குள் செருகி ஒட்டியிருப்பார்கள். அன்றைய மாத்திரையைப் பிதுக்கினால் பின்பக்கக் காகிதம் கிழிந்து, அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு டோல் ஃப்ரீ தொலைபேசி எண் வெளியே தெரியும். அந்த எண்ணுக்கு நோயாளி தன் கைபேசியிலிருந்து கூப்பிட வேண்டும். காசு கிடையாது. எந்த நாளில் எந்த எண் வரும் என்று நோயாளிக்கு முன்கூட்டித் தெரியாது; கணினிக்குத் தெரியும். அழைப்பு வந்தால் இன்று மாத்திரை வெளியே வந்தது என்று பதிவு ஆகும். வராவிட்டால் நோயாளிக்கு நினைவூட்டும் குறுஞ்செய்தி. ஊழியரின் பட்டியலில் அவர் பெயர் தனியாகத் தெரியும். அவர் ஃபோன் செய்யலாம், வீட்டுக்குப் போகலாம்.

ஸ்மார்ட்ஃபோன் வேண்டாம். செயலி வேண்டாம். படிப்பு வேண்டாம், எண்களை அழுத்தத் தெரிந்தால் போதும். அதைவிட முக்கியம், இது நம் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த மிஸ்டு கால் வித்தை. "வந்து சேர்ந்ததும் மிஸ்டு கால் கொடு" என்று மகளிடம் சொல்லாத அம்மா உண்டா? காஸ் சிலிண்டர் முதல் அரசியல் கட்சி உறுப்பினர் சேர்க்கை வரை மிஸ்டு காலில் நடக்கும் நாட்டில், மருந்தையும் அதில் கட்டியது கெட்டிக்காரத்தனம். மேல்நாட்டில் இதே வேலைக்குச் செய்த மின்னணுப் பெட்டிகளோடு ஒப்பிட்டால் இதன் விலை ஒன்றுமே இல்லை. 2016-ல் பில் தீஸுக்கு மெக்ஆர்தர் விருது கிடைத்தது.

சரி, உண்மையில் வேலை செய்ததா? இதைச் சோதிக்க முன்வந்ததும் அதே சேத்துப்பட்டுக் கட்டடம்தான். இப்போது அதற்குத் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்று பெயர். அதன் ஆய்வாளர்கள் அமெரிக்க மருத்துவர்களோடு சேர்ந்து சென்னை, வேலூர், மும்பை நோயாளிகளிடம் ஆய்வு நடத்தினார்கள். எப்படித் தெரியுமா? சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய், சிறுநீர் வாங்கி, ஐசோனியாசிட் இருக்கிறதா என்று பார்த்து, அதைக் கணினிப் பதிவோடு ஒப்பிட்டார்கள். அறுபது வருடம் கழித்து அதே வித்தை! ஃபெரிக் குளோரைடுக்குப் பதில் வேறு ரசாயனம், அவ்வளவுதான் வித்தியாசம்.

2020-ல் வெளிவந்த முடிவு அவ்வளவு தெம்பாக இல்லை. நோயாளிகள் செய்த அழைப்பை மட்டும் வைத்துப் பார்த்தால், உண்மையில் மருந்து எடுத்தவர்களில் பத்துக்கு ஏழு பேரைத்தான் கணினி 'எடுத்தார்' என்று காட்டியது. எடுக்காதவர்களில் பத்துக்கு ஆறு பேரைத்தான் 'எடுக்கவில்லை' என்று பிடித்தது. மீதி நான்கு பேர் விஷயத்தில் அழைப்பு வந்திருக்கிறது, மருந்து உள்ளே போகவில்லை. மாத்திரை எடுத்தும் அழைக்காதவர்களின் காரணங்கள் நம் வீடுகளில் பார்க்கிறவைதான். வீட்டுக்கு ஒரே ஃபோன், அதைக் கணவர் வேலைக்கு எடுத்துப் போய்விடுவார். சிக்னல் இல்லை. ஆறு மாதம் தினமும் அழைத்து அலுத்துவிட்டது. பொதுவான ஃபோனில் காசநோய் பற்றிக் குறுஞ்செய்தி வந்தால் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்ற பயம்.

கருவியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேறொரு விஷயம்தான் எனக்கு உறுத்துகிறது. அதைச் சொல்ல இந்த மருந்துகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

காசநோய் மருந்து எடுக்கும் ஒருவர் முதல் நாளே தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று, ரிஃபாம்பிசின் சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்கும் என்பது. கண்ணீர், வியர்வைகூட நிறம் மாறும். ஆபத்தில்லை. யாரும் சொல்லாவிட்டால் ரத்தம் போகிறது என்று பயந்து மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். ஆனால் இதே மருந்துகள் சிலருக்கு ஈரலைப் பாதித்து மஞ்சள் காமாலை கொண்டுவரும். அப்போதும் சிறுநீர் நிறம் மாறும். அடர்ந்த மஞ்சளாக, கட்டன் டீ மாதிரி. கூடவே வாந்தி, பசியின்மை, கண்ணில் மஞ்சள். இது வந்தால் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். விட்டால் உயிருக்கே ஆபத்து. குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம். எதாம்புட்டால் அபூர்வமாகக் கண்ணைத் தாக்கும். சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாமல் போகும். ரிஃபாம்பிசின் எடுக்கும் பெண்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக வேலை செய்யாது.

ஆக, "நிறம் மாறினால் பயப்படாதே" என்றும் சொல்ல வேண்டும், "நிறம் மாறினால் ஓடி வா" என்றும் சொல்ல வேண்டும். எந்த நிறம் எது என்று ஒரு ஏழைக் கொத்தனாருக்குப் புரியும்படி சொல்வதுதான் உண்மையான வழிமுறை வடிவமைப்பு. ஒரு மிஸ்டு காலில் இதற்கு இடமே இல்லை. மாத்திரை எடுத்தேன் என்று மட்டும்தான் அது சொல்லும். எடுத்த பிறகு குமட்டுகிறது, கண் மஞ்சளாகிறது என்று சொல்ல வழி கிடையாது. பார்க்கப்போனால், வாந்தி எடுத்துக்கொண்டே தினமும் ஒழுங்காக அழைக்கும் நோயாளிதான் அந்தத் திரையில் நல்ல நோயாளி. காமாலையின் தொடக்கத்தில் அலட்சியமாகத் தொடர்ந்து விழுங்குகிறவரும் அங்கே பச்சை நிறத்தில்தான் இருப்பார்.

1956-ன் சந்தேகம்தான் இந்தக் கருவிகள் எல்லாவற்றிலும் பரம்பரையாக வந்திருக்கிறது. "சாப்பிட்டாயா?" என்ற கேள்வியை நுணுக்கமாக்கிக்கொண்டே போனோம். "சாப்பிட்ட பிறகு எப்படி இருக்கிறாய்?" என்பது பின்தங்கிவிட்டது. சானடோரியத்து நர்ஸ் இரண்டையும் ஒரே பார்வையில் பார்த்துக்கொண்டார்.

இதை உணர்ந்தவர்களும் உண்டு. இதே 99டாட்ஸை உகாண்டாவுக்குக் கொண்டு போனபோது, அங்குள்ளவர்கள் நோயாளிகளோடும் ஊழியர்களோடும் உட்கார்ந்து உறையை மாற்றினார்கள். உறையில் படங்கள் போட்டார்கள். அழைத்தால் வெறுமனே மணி அடித்து நிற்காமல், உள்ளூர் மருத்துவ ஊழியரின் குரலில் நோயைப் பற்றியும் மருந்தைப் பற்றியும் ஒரு செய்தி கேட்கும்படி செய்தார்கள். ஒரு நல்ல காரியம், ஃபோன் வழியாகவே ஒரு மனிதக் குரல் திரும்ப வந்தது. அங்கே கருவியை உண்மையாகவே பயன்படுத்தியவர்களிடம் பலன் தெரிந்தது. பட்டியலில் சேர்த்த எல்லோரையும் கணக்கில் எடுத்தால் பலன் தெளிவாகத் தெரியவில்லை. சீனாவில் 2015-ல் வெளிவந்த பெரிய ஆய்வில், நேரம் வந்ததும் ஒலி எழுப்பும் மருந்துப் பெட்டி கொடுத்தவர்கள் குறைவாகத் தவறவிட்டார்கள். குறுஞ்செய்தி மட்டும் அனுப்பியதில் பயன் இல்லை. மருந்தோடு ஒட்டியிருக்கும் பொருளுக்கு இருக்கும் பலம், சட்டைப் பையில் இருக்கும் ஃபோனுக்கு இல்லை போலிருக்கிறது.

காசநோயை விட்டு மற்ற மருந்துகளுக்கு வந்தால் நிலைமை இன்னும் விசித்திரம். 2022 நவம்பரில் மத்திய அரசு ஒரு விதி கொண்டு வந்தது. அதிகம் விற்கும் 300 மருந்துப் பெயர்களின் உறையில் 2023 ஆகஸ்ட் முதல் பார்கோடு அல்லது க்யூஆர் கோடு இருக்க வேண்டும். நம் வீட்டு ரத்த அழுத்த மாத்திரை, காய்ச்சல் மாத்திரை எல்லாம் அதில் அடக்கம். ஆர்வமாக ஸ்கேன் செய்து பார்த்தேன். மருந்தின் பெயர், தயாரித்தவர் முகவரி, பேட்ச் எண், தயாரித்த தேதி, காலாவதி தேதி, உரிம எண் வந்தன. விதி கேட்பதும் அவ்வளவுதான். போலி மருந்தைப் பிடிக்க உதவும், மறுக்கவில்லை. ஆனால் சாப்பாட்டுக்கு முன்பா பின்பா, எதோடு சேர்த்துச் சாப்பிடக்கூடாது, என்ன ஆனால் நிறுத்த வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. தமிழில் கிடையாது என்பதைச் சொல்லவே வேண்டாம். இங்கேயும் மருந்தை விசாரிக்கிறோம், சாப்பிடுகிறவரிடம் பேசவில்லை.

ஜப்பானில் 2021 ஆகஸ்டிலிருந்து மருத்துவர் சீட்டுக்குத் தரும் மருந்துகளின் பெட்டிக்குள் காகிதக் குறிப்பு வைப்பதை நிறுத்தி, கோடு வழியாகத் திரையில் படிக்கும்படி மாற்றினார்கள். புதுத் தகவல் வந்தால் அன்றே மாற்றலாம், பழைய காகிதம் புழங்காது என்பது நியாயமான காரணம். ஆனால் அந்தக் குறிப்பு மருத்துவருக்கும் மருந்தாளுநருக்கும் எழுதப்பட்டது. பொதுமக்கள் கடையில் தாமே வாங்கும் மருந்துக்குக் காகிதத்தை அவர்கள் எடுக்கவில்லை. ஐரோப்பாவிலும் மருத்துவக் கருவிகளின் மின்னணு வழிமுறைக்கு 2012-லேயே இடம் கொடுத்தபோது, பயிற்சி பெற்றவர்கள் கையாளும் கருவிகளுக்குத்தான் கொடுத்தார்கள். கேட்டால் காகிதமும் தர வேண்டும் என்றார்கள். திரையைப் படிக்கப்போவது யார் என்று பார்த்துவிட்டுத்தான் அங்கே காகிதத்தை எடுத்திருக்கிறார்கள். நம்மிடம் அந்தப் பிரிவினை வருமா என்பது எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. மிச்சமாகும் காகிதத்தின் கணக்கு முன்னால் வந்து நிற்கும்.

நம் மாநிலத்திலேயே வேறு திசையில் போன ஒரு முயற்சியைச் சொல்லி முடிக்கிறேன். 2022-ல் தமிழக அரசின் காசநோய்ப் பிரிவும், சென்னையில் இருக்கும் ஐ.சி.எம்.ஆரின் தேசிய நோய்ப்பரவியல் நிறுவனமும் சேர்ந்து 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கின. காசநோயால் இறப்பவர்களில் பெரும் பகுதியினர் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே இறக்கிறார்கள். மாத்திரையை ஒழுங்காக எடுத்தும் இறக்கிறார்கள். வரும்போதே உடம்பு அவ்வளவு மோசம். எனவே நோய் உறுதியான உடனே ஊழியர் சில விஷயங்களைப் பார்க்க வேண்டும். உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா? காலில் வீக்கம் உண்டா? நிமிடத்துக்கு எத்தனை மூச்சு? ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு? பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா? மோசம் என்றால் வீட்டுக்கு அனுப்பாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும். முதலில் ஒரு தாள். அதில் குறித்ததை ஏற்றுவதற்கு ஒரு இணையச் செயலி. எக்ஸ்ரேயோ ரத்தப் பரிசோதனையோ வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை.

பாருங்கள், வீட்டிலேயே குணமாகும் என்று 1959-ல் உலகத்துக்குச் சொன்ன ஊர், யாரை வீட்டுக்கு அனுப்பக்கூடாது என்று இப்போது கணக்கெடுக்கிறது. இரண்டும் முரண் இல்லை. அன்றைய ஆய்விலும் ஊழியர்கள் வீடு வீடாகப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள். சிறுநீர் வாங்கப் போனவர் நோயாளியின் முகத்தைப் பார்க்காமலா வந்திருப்பார்?

உங்கள் வீட்டிலோ தெருவிலோ யாராவது இந்த மருந்தில் இருந்தால், சந்தேகம் கேட்க நிக்ஷய் சம்பர்க் என்ற இலவச எண் இருக்கிறது: 1800-11-6666. இது மிஸ்டு கால் இல்லை, எடுத்துப் பேசுவார்கள். ஆனால் கண் மஞ்சளித்தாலோ வாந்தி நிற்காமல் வந்தாலோ ஃபோனை நம்பி உட்கார வேண்டாம். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு அன்றைக்கே மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள்.